மூர்த்தி தந்த காசு

"இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு டொலர். நான் மறக்கேல்லை, மூர்த்தி."

வந்தவன் வாயைத் திறக்க முன்பே அருள்நாயகம் சொல்லிவிட்டார். கனடாவில், மல்வேர்னில் அவர் குடியிருந்த கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷின்களுக்கு நடுவே, ஈரப் போர்வையை இரண்டு கையாலும் அணைத்தபடி நின்றார்.

ஊரில் சண்டை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. அன்று தொட்டு, சனம் எழும்ப முன்பே அவர் உடுப்புத் தோய்த்து முடித்துவிடுவார். லிஃப்டில் யாரையும் சந்திக்கப் பயம். கடைசிச் சண்டைக்கு என்று சொல்லி, இங்கே தடைசெய்யப்பட்டிருந்த இயக்கத்துக்காக, மாசிப் பனியில் வீடு வீடாக ஏறிக் காசு சேர்த்தவர் அவர். வெற்றி வந்ததும் வட்டியோடு திரும்பும் என்று வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். வெற்றி வரவில்லை. அவரிடமிருந்து காசை வாங்கிப் போனவர்களின் ஃபோன் நம்பரும் இப்போது வேலை செய்யவில்லை.

விநாயகமூர்த்தி அவரோடு ஒரே பெட்டித் தொழிற்சாலையில், ஒரே பெல்ட்டில், எத்தனையோ வருடம் நின்றவன். அண்ணை கேட்டார் என்பதற்காகவே பாங்கில் கடன் எடுத்துக் கொடுத்தவன்.

"போன கிழமை உங்கட வீட்டுக் கதவைத் தட்டினனான், அண்ணை. உள்ளுக்கை ரீவீச் சத்தம் கேட்டுது."

"நான்தான் திறக்கேல்லை."

"ஒளிக்கிற ஆள் ரீவீயையாவது நிப்பாட்டியிருக்கலாம்."

அருள்நாயகத்துக்குச் சிரிப்பு வரப் பார்த்து, பாதியில் நின்றுவிட்டது.

"அட்சயாவுக்கு யூனிவர்சிற்றி கிடைச்சிட்டுது" என்றான் மூர்த்தி.

"நல்ல விசயமெல்லோ."

"நல்ல விசயம்தான். பீஸ் கட்டத்தான் வழியில்லை. பழைய கடன் கிடக்குது எண்டு பாங்க் இனி ஒரு சதமும் தராது. பிள்ளை தானே ஒரு வழி பிடிச்சிருக்கிறாள். ஆமியிலை சேரப் போறாளாம்."

"எந்த ஆமி?"

"கனடா ஆமிதான் அண்ணை. வேறை எந்த ஆமி எங்கட பிள்ளையளைக் காசு குடுத்துப் படிப்பிக்கும்? படிச்சுக்கொண்டே ஒஃபிசர் ட்ரெயினிங். யூனிவர்சிற்றிக் காசு முழுக்க அவையள் கட்டுவினம். சமர் லீவிலை காம்ப். படிச்சு முடியக் கொஞ்சக் காலம் அவையளோடை நிக்கோணும்."

அருள்நாயகம் போர்வையை மெஷினுக்கு மேலே வைத்தார். ஊரில் மூர்த்தியின் தம்பியை ஒரு நாள் பின்னேரம் சீருடைக்காரர்கள் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. இன்றைக்கும் மூர்த்தி தெருவில் சீருடைச் சப்பாத்துக் காலைக் கண்டால் மற்றப் பக்கம் மாறி நடக்கிறவன்.

"சந்திரவதனா என்ன சொல்லுறா?"

"அவ மகளோடையும் கதைக்கிறேல்லை, என்னோடையும் கதைக்கிறேல்லை. சோத்தைப் போட்டு மேசையிலை வைச்சிட்டுப் போயிடுவா."

"உனக்குப் பிடிக்குதோ?"

"எனக்குப் பிடிக்கிறதும் பிடிக்காததும் இனி எதுக்கு அண்ணை."

அந்தப் பதில் அவரை நேராக வந்து குத்தியது. அந்தக் காசு வீட்டில் இருந்திருந்தால் பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியும் பார்த்திருக்காது.

"பிள்ளையை இன்னும் எடுக்கேல்லைத்தானே?"

"உடம்பு பாத்திட்டினம். சோதினையும் பாஸ். மிச்சம் நடக்குது."

"அப்ப நேரம் கிடக்கு. கேள், மூர்த்தி. அடுத்த மாதச் சீட்டை எவ்வளவு நட்டம் எண்டாலும் நான் கழிச்சு எடுக்கிறன். முதல் வருசப் பீஸுக்குக் காணும். மிச்சத்தை மாதா மாதம் தாறன். பிள்ளையை மறிச்சு வை."

மூர்த்தி போய், திறந்து கிடந்த கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் எனக்குத் துண்டு ஒண்டும் எழுதித் தரேல்லை, என்ன?"

அருள்நாயகத்தின் முகம் சுருங்கியது. "ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. எல்லாம் வாய்ப்பேச்சுத்தான்."

"என்ர பேரை எங்கையும் எழுதினனீங்களோ?"

"இல்லை. என்ர தலைக்குள்ளைதான் கிடக்கு."

"நான் தரேக்கை ஆரும் கண்டவையோ?"

"நீயும் நானும்தான். சந்திரவதனாவும் தேத்தண்ணி போட உள்ளை போயிட்டா."

வழக்குப் போடப் போகிறான், அதுதான் இவ்வளவு விசாரணை என்று அருள்நாயகத்துக்குப் பட்டது. கையில் அத்தாட்சி இல்லை என்பதால், அண்ணை இல்லையென்று சொல்லிவிடுவார் என்று பயப்படுகிறான். கடன்காரன் என்று நினைத்தால் தாங்கலாம். கள்ளன் என்று இவன் நினைப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"மூர்த்தி, என்ர முகத்தைப் பார். ஒளிச்சுத் திரிஞ்சனான், அது உண்மை. ஆனா வாங்கின காசை இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆர் வந்து கேட்டாலும், பொலிஸே வந்து கேட்டாலும், விநாயகமூர்த்தி தந்தவன், சண்டைக்கெண்டுதான் தந்தவன் எண்டு நெஞ்சிலை கை வைச்சுச் சொல்லுவன். உனக்கு அது காணுமோ?"

மூர்த்தி ஓரடி முன்னால் வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அதைச் சொல்லிப்போடாதையுங்கோ எண்டு கும்பிடத்தான் அண்ணை வந்தனான். ஆமிக்குப் பிள்ளையை எடுக்க முன்னம், தேப்பன் ஆர், ஆரோடை பழகினவன், எதுக்குக் காசு குடுத்தவன் எண்டு தோண்டித்தான் பாப்பினமாம். எனக்கு அந்தக் காசு வேண்டாம், நீங்கள் அதை வாங்கவும் இல்லை; இனி ரோட்டிலை கண்டாலும் உங்களுக்கு என்னைத் தெரியாது."