எந்த மாதம் வற்றும்?

அந்த ஆள் பறவைகளைப் பார்க்கவே இல்லை.

அவள் அதைத்தான் முதலில் கவனித்தாள்.

ஏந்தல் என்கிற அந்தச் சின்ன மழைக்குளம் நிறையத் தண்ணீர். மார்கழி வெயில் இன்னும் சூடேறவில்லை. முக்குளிப்பான் ஒன்று மூழ்கி, யாரும் எதிர்பாராத இடத்தில் தலையை நீட்டியது. கரையில் நின்ற ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் "அந்தா, அந்தா" என்று கை நீட்டினார்கள். அடுத்த ஆண்டு ஏதாவது ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் அறிவியல் எடுக்கப் போகிறவர்கள். சொந்த மண்ணையும் தண்ணீரையும் பார்க்கத் தெரியாமல் போய் நின்றுவிடக் கூடாது என்று அவள்தான் அவர்களை இங்கே கூட்டி வருகிறாள்.

அந்த ஆள் கரையின் தாழ்ந்த பக்கத்தைப் பார்த்தார். அதற்கு அப்பால் போகும் சாலையைப் பார்த்தார். மறுபடி கரையை.

"நம்ம நண்பர், மேடம். இயற்கை ஆர்வலர்" என்றுதான் கல்லூரித் தாளாளர் அறிமுகம் செய்திருந்தார்.

ஏந்தல் கல்லூரிச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. தாளாளர் இதுவரை எட்டிப் பார்த்ததில்லை. 'தவளை பிடிக்கிற வகுப்பு' என்று அவர் சிரிப்பது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. இன்று காலை அவராகவே கேட்டார், நாங்களும் வரலாமா என்று. மாணவர்களுக்கு டீயும் வடையும் சொல்லியிருந்தார்.

அவள் தன் வடையை ஒரு மாணவனிடம் கொடுத்துவிட்டாள்.

கல்லூரிக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது என்று கொஞ்ச காலமாகப் பேச்சு. எங்கே என்று கேட்டால் மட்டும் அலுவலகத்தில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும்.

"அருமையான இடம்" என்றார் அந்த ஆள். மாணவர்கள் பக்கம் திரும்பினார். "ஏம்பா, எந்த மாசம் வத்தும் இது?"

குரலில் அவ்வளவு பிரியம்.

போனைச் சும்மா கையில் வைத்திருப்பதுபோல் இடுப்பு உயரத்தில் பிடித்திருந்தார். அவள் அவருக்குப் பின்னால் ஓரடி நகர்ந்தாள். திரையில் மாணவர்களின் முகங்கள். மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி.

பதில் எல்லோருக்கும் தெரியும்.

பங்குனியில் தரை தெரியும். சித்திரையில் வெடிப்பு விழும். வெடிப்புக்கு அடியில் தவளைகள் மழைக்குக் காத்துக் கிடக்கும். காய்ந்த தரையில் ஆட்காட்டிக் குருவி முட்டையிடும். காய்ந்து கிடந்தாலும் இது ஏந்தல்தான். எல்லாம் அவள் நடத்திய பாடம்.

அந்தப் பாடம் முழுவதையும் இந்தப் போனில் யார் வைத்திருக்கப் போகிறார்கள்? முதல் வரி போதும். மிச்சத்தை வெட்டிவிடலாம். பாதி வருஷம் வறண்ட நிலம், கட்டடம் கட்டலாம், கல்லூரிப் பிள்ளைகளே சொல்கிறார்கள்.

"பங்குனி வந்துச்சுன்னா சார்..." என்று ரோஸ்லின் ஆர்வமாக ஆரம்பித்தாள்.

"வத்தாது" என்றாள் அவள்.

மாணவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள் என்று வகுப்புக்கு வகுப்பு அவர்களைப் படுத்தி எடுத்தவள்.

"கோடையிலயுமா?" என்றார் அந்த ஆள்.

"நான் வந்ததுலேர்ந்து வத்திப் பாத்ததில்ல சார்."

தாளாளர் சிரித்தார். வைகாசிதோறும் அவள் வேலையை நீட்டித்துக் கையெழுத்துப் போடுகிறவர். சிரிப்பு உதட்டோடு நின்றது.

"மேடம் மதுரைக்காரங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? ஏப்பா சேவுகா, நீ இந்த ஊர்தானே. நீ சொல்லு."

போன் சேவுகன் பக்கம் திரும்பியது.

வறண்ட ஏந்தலில் ஆடு மேய்த்து வளர்ந்தவன். மண்ணுக்குள் தூங்கிய தவளையைத் தோண்டி எடுத்த கதையை வகுப்பில் கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டியவன். தாளாளரின் சிபாரிசில் சேர்ந்தவனும்கூட. நேற்று மாலை அவர் அறையிலிருந்து அவன் வெளியே வந்ததை அவள் பார்த்திருந்தாள். எதற்கென்று அப்போது யோசிக்கவில்லை.

இப்போது யோசித்தாள்.

சேவுகன் தண்ணீரைப் பார்த்தான். தாளாளரைப் பார்த்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"சேறு சார்" என்றான். "சித்திரை வெயில்லயும் ஆடு எறங்குனா முங்கிரும். எங்கய்யா கிட்டக்க போகவே விட மாட்டாரு."



சிவப்புப் புள்ளி அணைந்தது. தாளாளர் அவளிடம் எதுவும் சொல்லாமல் நடந்தார். அந்த ஆள் மட்டும் போகிற போக்கில் மாணவர்களுக்குக் கையசைத்தார். கார் சாலை ஏறும் வரை அவள் அசையவில்லை.

சேவுகன் தனியாகப் போய் மதகுக் கல்லில் உட்கார்ந்துகொண்டான். கூப்பிடலாமா என்று நினைத்தாள். நேற்று என்ன பேசினார்கள் என்று கேட்கத் தோன்றியது. நன்றி சொல்லவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

ரோஸ்லின் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"மேடம், திங்கக்கெழம பயிற்சிக்குப் போற பள்ளிக்கூடத்துல ஏழாம் வகுப்புக்கு நான் இந்தப் பாடந்தான் எடுக்கணும். ஏந்தல் வத்துமான்னு பிள்ளைக கேட்டா என்ன சொல்ல?"

"வத்தும்னு சொல்லு. தவளையச் சொல்லு, ஆட்காட்டியச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எந்த வீட்டுப் பிள்ள கேக்குதுன்னு மட்டும் மொதல்ல பாத்துக்க."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கு உறைத்தது.

ரோஸ்லின் சரியென்று தலையாட்டினாள். பிறகு கரையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.