நாலாவது வரிக்கு ஒரு கார்டு

தோல் பதனிடும் தோல்ஷாப்பில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த கிருபானந்தம் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. மடியில் கிடார், எதிரே ஜன்னல் வெயிலில் டேப் ரெக்கார்டர். டேப்பில் ஓடும் பாட்டில் மூன்று வரிக்குக் கார்டு, கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு, கிடைத்துவிட்டது; நாலாவது வரியில் குரல் சட்டென்று இறங்கும் இடம் மட்டும் அகப்படாமல் கழுத்தறுக்கிறது. பட்டனை நசுக்கி நாடாவைப் பின்னுக்கு ஓட்டுகிறான். "இன்னாடா, ஒரே வரியப் போட்டு அரைக்கிற?" என்கிறான் ரெக்கார்டர் கொண்டுவந்த தோஸ்த் இன்பசேகரன். "சாயங்காலம் சர்ச்சுல உனக்கு வரலைன்னா அந்தப் பாகாயம் காலேஜ் பையன் வாசிப்பானாம். அவங்கிட்ட கார்டு புஸ்தகமே இருக்குது." "மூட்றா வாய." கிருபானந்தம் விரல்களை ஒரு கட்டை மேலே தள்ளிப் பார்க்கிறான். தப்பு. கீழே இறக்குகிறான். அதுவும் தப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள்மேலும் படுக்கவைத்து அழுத்துகிறான். அதேதான். டேப்பும் கிடாரும் ஒரே குரலில் பேசுகின்றன. அந்த அழுத்தத்தில், தோல்ஷாப்புச் சுண்ணாம்புத் தொட்டி ஏற்கெனவே அரித்து வைத்திருந்த விரல் கணுவில் பிளக்கிறது. கம்பியில் ரத்தம். "விட்ரா, சாயங்காலம் வரைக்கும் கை தாங்காது" என்கிறான் இன்பசேகரன். கிருபானந்தம் விரலை எடுக்கவில்லை. "ராத்திரி பூரா தோல்ஷாப்புக்காரனுங்களுக்குத் தாங்குச்சில்ல? பாட்ட மொதல்லருந்து போடு."