பல் தடம்

பிளாஸ்க் மூடியில் ஊற்றிய வெந்நீரில் ஆவி பறந்தது. அவள் இன்னும் அதை உள்ளே போடவில்லை.

உள்ளங்கையில் இருந்தது மவுத் கார்டு. பல்லுக்கு உறைபோல மாட்டிக்கொள்கிற நீல ரப்பர். அவளுடையது அல்ல. செண்பகவல்லியுடையது.

ஹாக்கியில் காலுக்கு பேடு கட்டாவிட்டால் பயிற்சியாளர் கத்துவார். இதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. போட்டால் போடலாம்.

அவள் போட்டதில்லை. கேப்டன் போடாததை அந்த அணியில் வேறு யார் போடுவார்கள்? அவள் வகிட்டை மாற்றி எடுத்தால் மறுநாள் அத்தனை தலையிலும் வகிடு மாறியிருக்கும். அப்படி ஒரு கூட்டம்.

செண்பகவல்லி மட்டும் போட்டாள். ஒன்பதாம் வகுப்பு. மாமா வாங்கித் தந்ததை வெந்நீரில் இளக்கி, கடித்து, தன் பல்லுக்குப் படியவைத்துக்கொண்டு ஆசையாக வந்தாள்.

"என்னட்டி, வாய்ல லாடம் அடிச்சிருக்க?"

அவ்வளவுதான் அவள் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். செண்பகவல்லியும்தான்.

மறுநாளிலிருந்து அது பைக்குள்ளேயே கிடந்தது.

பிறகு ஒரு பெனால்டி கார்னர். பந்து எகிறியது. செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முன்பல் இரண்டு. புல்தரையில் முட்டிபோட்டுத் தேடி எடுத்தது கேப்டன்தான். ஒட்டவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

யார் கேட்டாலும் செண்பகவல்லி, "போட மறந்துட்டேன்" என்றாள். அதைத்தான் கேப்டனால் தாங்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மன்னிப்புக் கேட்க நினைக்காத நாளில்லை. நேரில் பார்த்தால் நா எழவில்லை.

செண்பகவல்லியை வீட்டில் இனி விளையாட விடமாட்டார்கள். இன்று மேட்ச் பார்க்க வந்தவள், பிளாஸ்க்கும் கொண்டுவந்திருந்தாள்.

"எனக்கு இனி எதுக்குக்கா? நீங்க போட்டாத்தான் மத்தவளுக போடுவாளுக."

கேப்டன் ரப்பரைத் திருப்பிப் பார்த்தாள். எல்லாப் பல்லும் பதிந்திருந்தன. முன்பல் இரண்டும். அதில் ஒன்று கொஞ்சம் கோணல்.

தன் வாய்க்குப் பொருந்த வேண்டுமானால் மறுபடி இளக்க வேண்டும். இளக்கினால் அந்தத் தடம் போய்விடும்.

சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டாள்.

வெந்நீரில் நீலம் மெல்லத் தளர்ந்தது. கோணல் நேரானது. பிறகு ஒன்றுமே இல்லை.

எடுத்து வாயில் வைத்தாள். சுட்டது. கடித்தாள். கண் நிறைந்துவிட்டது. மன்னிப்பை இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க மாட்டோம் என்று தோன்றியது. வாயைத் திறக்கப் போனாள்.

செண்பகவல்லி அவள் தாடையை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்தாள்.

"பேசாதீங்கக்கா. படியிற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது."