டெமோ வகுப்பு

"நீங்க தயார் பண்ணிட்டு வந்தது இருக்கட்டுங்க. இந்தப் பாடத்தை எடுங்க" என்று புத்தகத்தைத் திறந்து நீட்டினார் ஜெயக்குமார்.

வளவன் பக்கத்தைப் பார்த்தான். 'ஒரு சொல், பல பொருள்.' மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று அவன் பேசிப் பழகியது வேறு பாடம்.

"சார், டென்ஸ் எடுக்கலாம்னு..."

"டென்ஸ் யார் வேணாலும் எடுப்பாங்க. திடீர்னு குடுத்ததை எடுக்கறப்பதான் வாத்தியார் யாருன்னு தெரியும். நாப்பது நிமிஷம். டெமோ நல்லா இருந்தா மேற்கொண்டு பேசலாம்."

தென்னூரில் மருந்துக் கடை மாடியில் இருந்தது அந்தப் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம். உரிமையாளர் ஜெயக்குமார். வளவனுக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். அரியமங்கலத்தில் அவன் ஆங்கிலம் நடத்திய பள்ளியை மூடி நான்கு மாதம் ஆகிறது. மனைவி சுபலட்சுமிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை. அவளுடைய அண்ணன் ரஞ்சித் ஓசூரில் தன் கம்பெனிக் கிடங்கில் இவனுக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான். வருகிறானா இல்லையா என்று இன்று பன்னிரண்டு மணிக்குள் சொல்லியாக வேண்டும். ஓசூர் என்றால் சுபாவையும் ஒன்றரை வயது மகளையும் மாதத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். அதுவும் லீவு கிடைத்தால்.

உள்ளே முப்பது பேர் நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். வியர்வையில் மார்க்கர் வழுக்கியது. போர்டில் ஆங்கிலத்தில் 'கோச்' என்று எழுதினான்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"ரயில் பெட்டி சார்."

"கிரிக்கெட் கோச்."

"டூரிஸ்ட் பஸ்."

"எல்லாமே சரி. ஆனா முதல்ல இது ஒரு ஊரோட பேரு."

குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன.

"ஹங்கேரி நாட்டுல கோச்னு ஒரு குட்டி ஊரு. ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி அங்க செஞ்ச குதிரை வண்டிக்கு அவ்வளவு பேரு. எல்லா நாட்டுக்காரங்களும் 'கோச்' வண்டிதான் வேணும்னாங்க. போகப்போக வண்டிங்கறதை விட்டுட்டாங்க, ஊர் பேரு மட்டும் நின்னுடுச்சு. நாம கடையில 'அரைக் கிலோ மணப்பாறை குடுங்க'ன்னா என்ன தருவாங்க?"

"முறுக்கு!" என்று ஒரே குரலில் சொல்லிச் சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் இருந்த ஜெயக்குமார் மட்டும் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ரஞ்சித்தாகத்தான் இருக்கும்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயதிருக்கும்.

"மாரியாயிங்க சார், துறையூர். வண்டி சரி. வண்டி எப்படி சார் வாத்தியாரா மாறுச்சு?"

எப்போதோ படித்தது, நல்லவேளையாக, ஞாபகத்துக்கு வந்தது.

"அது பசங்க பண்ண கிண்டல்ங்க. இருநூறு வருஷம் முன்னாடி, இங்கிலாந்து காலேஜ்ல, மக்குப் பையனையும் பாஸ் பண்ண வைக்கிற வாத்தியாருக்கு 'கோச்'னு பட்டப்பேரு வச்சாங்க. ஏறி உக்காந்தா போதும், பரீட்சைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கி விட்டுடுவார்."

"எங்களுக்கும் சீட் இருக்கா சார்?" என்றது ஒரு குரல்.

"இருக்கு. படியில தொங்கக் கூடாது, அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டே எல்லோரும் வரி விடாமல் எழுதினார்கள். நாற்பது நிமிடம் முடிந்தது. ஜெயக்குமார் எழுந்தார்.

"கடைசியில ரெண்டு பயிற்சி இருக்கு பாருங்க. அதையும் முடிச்சிடுங்களேன்."

பிடித்துப்போயிற்று! இல்லாவிட்டால் ஏன் இன்னும் எடுக்கச் சொல்கிறார்?

முடித்துவிட்டு வெளியே வந்ததும் ஜெயக்குமார் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதங்க. ஒண்ணாந்தேதி சேர முடியும்ல? ரெண்டு நாள்ல கூப்பிடறேன்."

மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம். படியிறங்கும்போதே போன் மறுபடி அதிர்ந்தது.

"என்ன மாப்ள, எத்தனை தடவை அடிக்கிறது?" என்றான் ரஞ்சித். "மேனேஜர் எதிர்லயே உக்காந்திருக்காரு. பேரை எழுதவா, வேணாமா?"

"டெமோ பிரமாதமா போச்சு மச்சான். ஒண்ணாந்தேதி சேர முடியுமான்னு கேட்டாரு."

"கேட்டாரு சரி. ஆர்டர் குடுத்தாரா?"

"இல்ல. கூப்பிடறேன்னாரு..."

"இங்க வேணாம்னுட்டா, அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது மாப்ள. நல்லா யோசிச்சுக்கங்க."

வளவன் கண்ணை மூடிக்கொண்டான். மகள் இந்நேரம் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள்.

"வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லுங்க மச்சான். எனக்கு இங்கயே ஆயிடுச்சு."

போனைச் சட்டைப் பையில் போட்டான். நான்கு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

"சார், சார்! ஒரு நிமிஷம்." மாரியாயி நோட்டும் கையுமாகப் படியிறங்கி வந்தாள். "உங்க பேரு சொல்லுங்க சார். பாடத்துக்கு மேல எழுதிக்கறேன்."

"வளவன். எதுக்குங்க எழுதிக்கிட்டு? ஒண்ணாந்தேதியிலேர்ந்து தினம் நான்தானே வரப் போறேன்" என்று சிரித்தான்.

மாரியாயி சிரிக்கவில்லை. "இதுக்கு முன்னாடி வந்த பதினாறு பேரும் இதேதான் சார் சொல்லிட்டுப் போனாங்க. இங்க இங்கிலீஷுக்குன்னு வாத்தியாரே கிடையாது சார், பாடத்துக்கு ஒரு டெமோதான். இன்னும் ரெண்டு பேர் வந்துட்டா புக்கு முடிஞ்சிடும்."