ஜீப்பில் எல்லாருக்கும் ஒரு சோலி

“எனக்கென்னப்பா கேடு? வண்டன்மேட்டுக்கு ஏலக்கா ஏலம் பாக்கப் போறேன்” என்றார் சுருளிவேல். சொல்லும்போதே அவருடைய வலது கை முழங்காலில் தாளம் போட்டது.

கூடலூரிலிருந்து கேரள எல்லைக்கு அந்தப்பக்கம் குமுளிக்கு மலையேறும் ஜீப் அது. கேட்டவன் கார்த்திக்ராஜ். அவனும் கூடலூர்க்காரன்தான், தேனியில் சுகாதார அலுவலகத்தில் வேலை. எந்த ஊர்க்காரர்கள் எந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் என்ற பட்டியல் அவன் மேசைக்குத்தான் வரும். நடுக்குவாதத்துக்குப் போடியிலிருந்து நாற்பது பேர், சின்னமனூரிலிருந்து இருபத்தெட்டு. கூடலூரிலிருந்து ஒருத்தர்கூட இல்லை! நம்புகிற மாதிரியா இருக்கிறது?

வாரம் ஒருநாள் நரம்பு டாக்டர் வர ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் ஐந்து பேரையாவது காட்டாவிட்டால் டாக்டர் போடிக்குப் போய்விடுவார். சொந்த ஊரை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசே வரவில்லை. ஊர்க்காரர்கள் வைத்தியத்துக்கு மலை தாண்டிப் போகிறார்களோ என்ற சந்தேகத்தில்தான் ஜீப்பில் ஏறியிருந்தான்.

“பவுனு அத்தை, நீங்க எங்க கிளம்பிட்டீக?”

“கட்டப்பனையில ஒரு கல்யாணம்ப்பா.”

“செவ்வாக்கிழமையில கல்யாணமா?”

“மலையாளத்தாளுக. அவுக கிழமையெல்லாம் பாக்க மாட்டாக.”

ஜீப்பே சிரித்தது. முருகம்மாள் தேயிலை வாங்கப் போகிறாளாம். நாகராஜ் சும்மா காற்று வாங்கப் போகிறாராம். கம்பியைப் பிடித்திருந்த நாலு கைகளும் நடுங்கிக்கொண்டே வந்தன.

“ரோடு சரியில்ல தம்பி, அதான்” என்றார் டிரைவர் ஒச்சாண்டி.

குமுளியில் இறங்கியதும் நாலு பேரும் நாலு பக்கம் நழுவினார்கள். கார்த்திக்ராஜ் நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு, நேராக அங்கிருந்த நரம்பு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஏலம், கல்யாணம், தேயிலை, காற்று எல்லாம் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“அடப்பாவிகளா! தேனியில காசில்லாம பாக்குறாக. அத விட்டுட்டு இங்கன வந்து படுக்குறீகளே, ஏன்? அப்படி என்ன வெக்கம்?”

“எங்களுக்கு என்னடா வெக்கம்? நாலு பேரையும் தாராளமா எழுதிக்க” என்றாள் பவுனு.

“அப்ப ஜீப்புல ஏன் பொய் சொன்னீக?”

சுருளிவேல் தொண்டையைச் செருமினார். “மாப்ள, எங்களுக்கு முன்னாடியே ஒருத்தருக்கு இந்த நடுக்கம் வந்துச்சு. தேனியில படுத்தா பேரு ஒன் மேசைக்கு வந்திரும்னு பயந்துபோய் மலையேறினாரு. தனியாப் போகப் பயமா இருக்குன்னு கையப் பிடிச்சுக் கெஞ்சினாரு. அவருக்குத் தொணையாத்தான் நாங்களும் இங்கனயே வர்றோம். அவர் பேர வெளிய விடமாட்டோம்னு வாக்குக் குடுத்திருக்கோம்.”

கார்த்திக்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. “என்னையப் பாத்து அம்புட்டுப் பயமா? அந்த மகராசன் யாரு? அவரும் வந்தா அஞ்சாயிரும்.”

“நீ ஜீப்புல ஏறுனதப் பாத்துட்டு, பின்னாடி பஸ்ல வந்திருக்காரு. இந்தா, வாசல்ல நிக்கிறாரு பாரு.”

திரும்பினான். நடுங்கும் கையால் கதவைப் பிடித்தபடி, அசட்டுச் சிரிப்போடு நின்றிருந்தார் அவனுடைய அப்பா.

“தெரிஞ்சா நீ வேலைய விட்டுட்டு எங்கூடவே வந்து உக்காந்துக்கிருவன்னுதான்டா சொல்லல” என்றார். “சரி, கண்ணத் தொடச்சிட்டு அஞ்சாவதா என்னைய எழுது; டாக்டரு நம்மூருக்கே வரட்டும்.”