நிற்காத குமிழ்

மாலையில் கச்சேரி. இசைக்கலைஞர் சகாயத்தின் சிந்தசைசர் மாட்யூலுக்கு, அந்த மின்னிசைப் பெட்டிக்கு, சுருதியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு குமிழ்தான் பாக்கி. அவருக்குப் பார்வை இல்லை என்பதால், கடைசி வரை திருகினால் முட்டி நிற்கும் குமிழை, பெட்டியைச் செய்து தரும் ரெஜினா எடுத்து வைத்திருந்தாள். அவரோ மேசையில் கிடந்த இன்னொரு குமிழைத் தடவிப் பிடித்தார். அது முடிவில்லாமல் சுற்றும் ரகம்.

"அதுல எங்க இருக்கோம்னு கைக்குத் தெரியாது சார்."

"தெரியாட்டி என்னம்மா, மாட்டு."

மாட்டினாள். திருகினார். சுருதி ஏறி, ஊசியாய் மெலிந்து, காதுக்கு எட்டாத உயரத்தில் காணாமல் போனது. சுருதியை அளக்கும் மீட்டரில் மட்டும் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

"ஒண்ணும் கேக்கல சார். ஜனங்க டிக்கெட் வாங்கிட்டு வராங்க."

"சும்மா இரும்மா. இப்பத்தான் பாடவே ஆரம்பிச்சிருக்கு."

ரெஜினா பிளக்கைப் பிடுங்கினாள். மீட்டர் அணைந்தது. எந்தக் குமிழைப் போட்டு அனுப்புவது என்று புரியாமல் நின்றாள். அவர் தலை அப்போதும் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது.