நாலாவது சாவு

"உங்க மாமியார் எத்தனை தடவைதான் சாவாங்க?"

போலீஸ் ஸ்டேஷன் கவுண்டரில் கார்ப்பரல் தனேஸ்வரி இப்படிக் கேட்டதும் காளியண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

காலையில்தான் மாமியார் புஷ்பவள்ளி வீட்டில் கண்ணை மூடியிருந்தார். போலீஸ் பெர்மிட் இல்லாமல் அடக்கம் செய்ய முடியாது. மூன்று மணிக்கு எடுப்பதாகத் தோட்டம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மணி இப்போதே பன்னிரண்டு.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன புது கம்ப்யூட்டர் செய்த வேலை. முன்பெல்லாம் ஒரு ஸ்டேஷன் சங்கதி அந்த ஸ்டேஷனோடு போய்விடும். இப்போது எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே பதிவாம். பழைய எச்சரிக்கைகளைக்கூட விடாமல் ஏற்றிவிட்டார்கள். ஐசி என்கிற அடையாள அட்டையின் நம்பரைத் தட்டினால் ஆளின் ஜாதகமே வந்து விழுகிறது.

தனேஸ்வரி திரையைப் பார்த்து வாசித்தாள்.

"ஜனவரி, ஈஜோக் ரோட்டுல. மோட்டார்ல பின்னால உட்கார்ந்தவங்களுக்கு ஹெல்மட் இல்ல. மாமியார் செத்துட்டாங்கன்னு சொன்னதால அபராத சம்மன் போடல. ஏப்ரல், ஜெராம்ல. அதே ஹெல்மட், அதே மாமியார். ஆகஸ்டு, சுங்கை செம்பிலாங் போற வழியில. மறுபடியும் செத்துட்டாங்க."

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இந்தத் தடவை நெசமாவே செத்துட்டாங்க மேடம்."

"மூணு தடவையும் இதையேதானே லா சொல்லியிருக்கீங்க!"

செம்பனைத் தோட்டத்தில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற அவருடைய மண்டோர் குரல், பூனைக்குட்டி மாதிரி உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

"பொண்ணு கொடுத்த மனுஷிய, உயிரோட இருக்கும்போதே ஒரு சம்மனுக்காகச் சாகடிச்சிருக்கீங்க. வெட்கமா இல்ல உங்களுக்கு?"

காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் நடுவீட்டில் கிடத்தியிருக்கிற மனுஷியை, போலீஸ் ஸ்டேஷனில் நாலு பேர் முன்னால் காட்டிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. திட்டு தன்னோடு போகட்டும்.

"டாக்டர் லெட்டர் இருக்கா?"

கொடுத்தார்.

"இறந்தவங்க ஐசி?"

கொடுத்தார்.

தனேஸ்வரி ஐசியிலிருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு திரையில் இருந்த மூன்று போட்டோக்களைப் பார்த்தாள். ரோட்டில் நிறுத்தியபோது போலீஸ்காரர்கள் எடுத்தவை. மூன்றிலும் காளியண்ணனுக்குப் பின்னால் ஒரு வயசான அம்மா, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதபடி.

மறுபடியும் ஐசியைப் பார்த்தாள். முகத்திலிருந்த கடுகடுப்பு போய்விட்டது. பெர்மிட்டை அச்செடுத்து, முத்திரை குத்தி நீட்டினாள்.

"அண்ணே..." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தன் சாவுக்கு அவங்களேதானா இப்படி அழுதாங்க?"

காளியண்ணன் பெர்மிட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஹெல்மட் போட்டா கொண்டை கலைஞ்சிடும்னு அடம் பிடிப்பாங்க மேடம். போலீஸைக் கண்டதும், 'நான் செத்துட்டேன்னு சொல்லுங்க மாப்பிள்ளை, மீதிய நான் அழுது பார்த்துக்கறேன்'னு காதுல சொல்லுவாங்க. அந்த மாதிரி அழறதுக்கு இன்னிக்கு எங்க வீட்டுல ஆளே இல்ல."